நடையை எண்ணுவதா, பாலைச் சோதிப்பதா? பசுவின் சினைப்பருவத்தைக் கண்டறியும் இரு கருவிமுறைகள்

நன்கு பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஹோல்ஸ்டீன் இனக் கறவைப் பசு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரும்பண்ணைகளில் ஆறு வயதை எட்டுமுன்பே பெரும்பாலும் மந்தையிலிருந்து கழிக்கப்பட்டுவிடுகிறது. மடிநோய், கால்நோய் ஆகியவற்றோடு காலத்தில் சினை பிடிக்காமையும் இதற்கு முக்கியக் காரணம். அப்படிக் கழிக்கப்படும் மாடுகளில் ஒரு பகுதி மலடே அல்ல. அவை சினைப்பருவத்துக்கு, அதாவது சினை பிடிக்கத் தயாரான நிலைக்கு, வந்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம், அதிகம் கறக்கும் மாட்டில் சில மணி நேரமே நீடிப்பதால், ஆளில்லாத இரவில் தொடங்கி விடியுமுன் அடங்கியும் விடலாம்.

இதைக் கருவியால் கண்டுகொள்ளும் முதல் வழி, நடையை எண்ணுவது. இஸ்ரேலின் அஃபிகிம் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் கிராமத்தில்) 1977இல் தொடங்கிய அஃபிமில்க் நிறுவனம், காலில் கட்டும் நடைமானியில் முன்னோடி. இன்றைய கழுத்துப்பட்டைகள் அசைபோடும் நேரத்தையும் பதிவு செய்கின்றன. பருவத்தில் மாடு ஓரிடத்தில் நிற்காமல் அலையும், அசைபோடுவது குறையும். அலைச்சல் தொடங்கி ஏறத்தாழ 30 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படுவதால், சினை ஊசிக்குரிய (செயற்கைக் கருவூட்டலுக்குரிய) வேளையை இக்கருவி நேரடியாகக் காட்டுகிறது. இன்னும் கறவைக்கு வராத கிடேரிக்கும் இதைக் கட்டலாம்.

ஆனால் கால் நொண்டும் மாடும், வழுக்கும் சிமென்ட் தரையில் அஞ்சி நிற்கும் மாடும் பருவத்திலும் அதிகம் நடப்பதில்லை. கழிக்கப்படும் ஆபத்து மிகுந்த மாட்டையே நடைமானி தவறவிடுவதுதான் என்னை உறுத்தும் குறை.

இரண்டாவது வழி, டென்மார்க்கில் உருவாகி டெலாவல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஹெர்டு நேவிகேட்டர் போன்ற பால் சோதனைக் கருவி. கறக்கும்போதே சிறிது பாலைத் தானாகப் பிரித்தெடுத்து அதிலுள்ள புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைக் காண்பதால், நொண்டும் மாடும் வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவ மாடும் இதில் தப்புவதில்லை. அளவு வீழ்ந்தால் பருவம் நெருங்குகிறது. ஊசி போட்ட பின் மூன்று வாரம் கடந்தும் உயர்ந்தே நின்றால் சினை தங்கியிருக்கக்கூடும். சினை மாடே சில சமயம் பருவம்போல் நடந்துகொள்ளும்போது, தவறாக ஊசி போட்டுக் கருவை இழப்பதையும் இது தடுக்கும். எனினும் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சோதனைக் கீற்று செலவாகிறது. கிடேரியிடம் பாலே இல்லை. அளவு வீழ்ந்ததிலிருந்து முட்டை வெளிப்படும் வரையுள்ள இடைவெளியும் மாட்டுக்கு மாடு வேறுபடுகிறது.

ஆகவே, ஊசிக்கு நேரம் குறிப்பதற்கு மட்டும் என்றால் நடைமானியோ கழுத்துப்பட்டையோ போதும், விலையும் குறைவு. மாட்டை இன்னும் சில ஈற்றுகளுக்கு வைத்திருப்பதே நோக்கம் என்றால், என் தேர்வு பால் சோதனை. ஏனெனில் கழிக்கும் பட்டியலில் ஏறவிருக்கும் ஒரு மாட்டின் பாலை மூன்று வாரம் தொடர்ந்து பார்த்தால், மூன்று நிலைகள் தனித்தனியே தெரிகின்றன: அளவு எழவே இல்லையென்றால் சூலகம் உறங்குகிறது, ஈன்றபின் இளைத்துப்போன அந்த மாட்டுக்குத் தீவனத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்; சினையில்லாமலே உயர்ந்து நின்றால், கால்நடை மருத்துவர் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி பெரும்பாலும் பருவச் சுழற்சியைத் திருப்பிவிடும்; ஒழுங்காக ஏறி இறங்கினால், மாட்டிடம் குறையில்லை, அதன் பருவம்தான் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.