‘ஃபுல் ரெஸ்டோரேஷன்’ சேட்டக் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

பழைய ஸ்கூட்டர்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவரிடம் வாங்கிய 1988 மாடல் பஜாஜ் சேட்டக் அது. கண்ணாடி மாதிரி பெயின்ட், புது சீட், புது மேட். “நட்டு போல்ட் வரைக்கும் கழற்றி மாட்டினது சார், பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்” என்று சொல்லி விற்றிருக்கிறார். சில வாரங்களிலேயே, பின்சக்கரம் ஆடுகிறது என்று எங்கள் பட்டறைக்கு வந்தது. பிரித்ததில் கண்டதை அப்படியே எழுதுகிறோம், ஏனென்றால் இதே வேலையை வேறு வண்டிகளிலும் பார்க்கிறோம்.

முதலில் தளத்தகடு. கால் வைக்கிற இடத்து ரப்பர் மேட்டைத் தூக்கினால் வழவழவென்று பெயின்ட். அடியிலிருந்து காந்தம் வைத்தால் பாதி இடங்களில் ஒட்டவில்லை. சுரண்டச் சுரண்ட, பள்ளம் ஓட்டையை நிரப்பப் பூசும் பட்டிதான் உதிர்ந்தது. அதற்கும் கீழே, துரு தின்று சல்லடையான தகட்டின் மேல் மெல்லிய தகரத்தை வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். வெல்டிங் ஒரு புள்ளிகூட இல்லை.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சேட்டக்குக்குத் தனியாக சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் சட்டகம், கிடையாது. பாடித் தகடே சேசிஸ். முன்பக்க ஃபோர்க்கையும் பின்னால் இன்ஜினையும் சேர்த்துப் பிடித்திருப்பதே இந்தத் தளமும் அதன் நடுவில் ஓடும் முதுகும்தான். பின் பிரேக் பெடலும் சென்டர் ஸ்டாண்டும் இதில்தான் நிற்கின்றன. தகடு அழுகியிருந்தால், பெடலை அழுத்தும்போது தகடும் கூடவே வளையும். அழுத்தத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், பிரேக் ஷூ முழுதாகப் பிடிக்காது. வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பெடல் துளையைச் சுற்றி, ஸ்டாண்ட் பிராக்கெட் பக்கம், தளமும் முன்பக்கத் தகடும் சேரும் வளைவில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒருவர் பெடலை ஓங்கி மிதிக்கட்டும். நீங்கள் டார்ச் அடித்து அடியில் பாருங்கள். தகடு அசைந்தால் பேரம் பேசவே வேண்டாம். மேட்டைத் தூக்க விற்பவர் தயங்கினாலும் அப்படித்தான்.

அடுத்தது பின்சக்கரம் ஆடிய காரணம். சக்கரத்தை மாட்டும் பின் பிரேக் டிரம், ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பற்களில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு நட்டு இறுக்கிப் பிடிக்கும். அந்த நட்டு கழலாமல் இருக்க, துளையில் நுழைத்து முனையை வளைத்துவிடும் ஒரு ஸ்பிளிட் பின் போட வேண்டும். இந்த வண்டியில் ஸ்பிளிட் பின் இல்லை. மின்சார ஒயர்த் துண்டு ஒன்றை நுழைத்து முறுக்கியிருந்தார்கள்! ஒயர் அறுந்து, நட்டு தளர்ந்து, டிரம் முன்னும் பின்னும் ஆடி உள்பற்களைத் தின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் டிரம்மே கழன்றிருக்கும். அப்போது சக்கரமும் பின் பிரேக்கும் சேர்ந்தே போகும். ஸ்பிளிட் பின்னின் விலை சில ரூபாய். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது ஸ்பிளிட் பின்தான், பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது.

டயருக்குக் கறுப்பு பாலிஷ் அடித்திருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்: 0911. அதாவது 2011-ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி மழையில் போக முடியாது.

சேட்டக்கின் ரிம் இரண்டு பாதிகளாக இருப்பது இன்றைய பஞ்சர் கடைப் பையன்கள் பலருக்குத் தெரியாது. சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தொட்டால் ரிம் வெடித்து முகத்தில் அடிக்கும். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது டியூபில் சிறிது காற்று அடித்துக்கொண்டால், அது பாதிகளுக்கு நடுவே சிக்காது.

இன்ஜினில் ஆயில் சீல்கள் பழையவை. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, 250 மில்லி இருக்க வேண்டிய கியர் ஆயில் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க சீல் போயிருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டும் வேகம் இறங்காமல் நின்றால் மேக்னட் பக்க சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சை அமுக்கினால்தான் தப்பிக்கலாம். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலையும் அளந்தே ஊற்றுங்கள், லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி.

விற்றவரிடம் இவ்வளவையும் படத்தோடு காட்டியதற்கு வந்த பதில்: “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்.” பணம் திரும்பவில்லை.

ஆர்.சி. விஷயத்திலும் ஏமாற்றியிருக்கிறார். 15 வருடம் முடிந்த பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்; இந்த வண்டிக்கு அது செய்யப்படவில்லை. “வின்டேஜில் போட்டுக்கலாம்” என்று சமாளித்தார். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. அதிலும் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. 1988 வண்டிக்கு அந்தப் பேச்சே எடுபடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். என்னென்ன வேலை செய்தது, எந்தெந்தப் பாகம் புதிது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.