பிரிப்பதற்கு முன் ஒரு பதிவு: பழைய வீடுகளை ஆவணப்படுத்தும் சேவை பற்றிய மதிப்பீடு

காங்கேயம் வட்டாரத்தில் உள்ள எங்கள் தொட்டிக்கட்டு வீட்டை (நடுவில் ‘தொட்டி’ என்னும் திறந்த முற்றம் உள்ள வீடு) பிரித்து இடத்தைப் பங்கு வைப்பது என்று பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகு, வீட்டையும் அதில் புழங்கிய சாமான்களையும் முறையாகப் பதிவு செய்துகொள்ள விரும்பி, கோயம்புத்தூரில் கட்டடக் கலை படித்த இளைஞர்கள் நடத்தும் ஆவணப்படுத்தும் சேவையை அமர்த்தினோம். வேலை முடிந்து வரைபடங்களும் படங்களும் பொருள் பட்டியலும் கைக்கு வந்துவிட்டன. வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோய் மீண்டும் நிறுத்தும் வாய்ப்பு, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா போன்ற இடங்களில் ஏதோ சில வீடுகளுக்குத்தான் வாய்த்தது. மற்ற வீடுகளுக்கு இத்தகைய பதிவு ஒன்றுதான் மிச்சம் என்பதால், இந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அளவு வரைபடம் முதல் தரம். பழைய சுவர்கள் எங்குமே சரியான மூலைமட்டத்தில் நிற்பதில்லை என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அறைக்கு அறை நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்தார்கள். திண்ணை, ஆசாரம் (கூடம்), தாவாரம் (தொட்டியைச் சுற்றிய தாழ்வாரம்), சமையல்கட்டு, பொடக்காளி (புழக்கடை) என்று வீட்டில் வழங்கும் பெயர்களையே வரைபடத்தில் எழுதினார்கள். தொட்டியில் விழும் மழைத் தண்ணீர் எந்தச் சரிவில் ஓடி எந்தத் துவாரத்தின் வழியாகத் தென்னைக்குப் போகிறது என்பதைக்கூட வெட்டுத் தோற்றத்தில் காட்டியிருக்கிறார்கள். கூரையைப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சமையல்கட்டின் மேல் நாட்டு ஓடும் ஆசாரத்தின் மேல் சீமை ஓடும் (மங்களூர் ஓடு) இருப்பதைக் கண்டதும், சீமை ஓடுகளைக் கழற்றி அடிப்பக்க முத்திரைகளைப் படம் எடுத்தார்கள். பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு மங்களூரில் இந்த வகை ஓட்டுக்கான தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே ஆசாரத்தின் இப்போதைய கூரை அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்க முடியும் என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். வீட்டின் வயதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர்கள் ஊகமாகச் சொல்லவில்லை. அந்த அடக்கம் மதிக்கத்தக்கது.

சமையல்கட்டை ஒட்டிய தாவாரத்துத் தூண் ஒன்றில், முழங்கால் உயரத்திலும் அதற்குச் சற்று மேலேயும் விரல் நுழையும் ஆழத்துக்கு இரண்டு வளையப் பள்ளங்கள் உண்டு. முதல் வரைவில் அதை ‘மரச் சேதம்’ என்று குறித்திருந்தார்கள். அருகில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரிய அத்தை, அளவெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, “கண்ணு, அது ஒடைஞ்சதில்ல. மத்தைப் பிடிச்சுக் கட்டுன கவுறு தேச்ச தடம்” என்றார். அந்தப் பெண் உடனே அட்டாளியில் (பரணில்) கிடந்த, தயிர் கடையும் பெரிய மத்தை இறக்கச் சொல்லி, தூணோரம் நிறுத்தி, எந்தப் பள்ளத்தில் எந்தக் கயிறு, கடைபவர் உட்காரும் இடம் எது, மொடா (பெரிய பானை) வைக்கும் இடம் எது என்று அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வரைந்துகொண்டார். பதிவில் இப்போது தூணும் மத்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சுவரிலும் தூணிலும் பதிந்த தடத்தைப் புழங்கிய சாமானோடு சேர்த்து வைத்தால்தான் வீடு முழுமையாகப் பதிவாகும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்யத் தெரிந்தவர்களாக இவர்களைக் கண்டேன்.

சாமான் பட்டியலும் இதே முறையில் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் வரைபடத்தில் அது இருந்த இடத்திலும் உண்டு. சந்தகை (இடியாப்பம்) பிழியும் மரம், ஆட்டாங்கல், களி கிண்டும் துடுப்பு, உறி எல்லாம் உயரம், எடை, மரமா உலோகமா என்ற குறிப்போடு வருகின்றன. 1956ஆம் ஆண்டு அளவைச் சட்டம் வந்து லிட்டர் புழக்கத்துக்கு வரும்வரை தானியம் அளந்த படியையும் வள்ளத்தையும், நிரப்பித் தலை தட்டி அளந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான்கு படி ஒரு வள்ளம் என்பதைச் சரிபார்த்து எழுதினார்கள். கல்யாணச் சீராக வந்த பித்தளைப் போசிகளின் (பாத்திரங்களின்) விளிம்பில் வெட்டியிருந்த பெயர்களை, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது அருமையான வேலை. படத்தில் தெரியாத எழுத்துகளும் தாளில் தெளிவாக விழுந்தன. வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை நாங்கள் அறிந்ததே அந்தத் தாள்களிலிருந்துதான்.

குறைகளும் உண்டு. படம் அழகாக வர வேண்டும் என்று உதவியாளர் ஒருவர் சில பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். அடுப்புக் கரி எந்தப் பக்கம் ஏறியிருந்தது, எதை அன்றாடம் அடுப்பில் வைத்தார்கள், எதை விசேஷத்துக்கு மட்டும் எடுத்தார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கறைதான் சான்று. உள்ளபடியே ஒரு படம் எடுத்துவிட்டு அதன் பிறகு துடைத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, கிணற்றடிச் சாமான்களை அவர்கள் அறியாதது. கவலையில், அதாவது எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாட்டில், நீர் மொண்ட சால் பட்டியலில் ‘பெரிய இரும்பு வாளி’ என்று நிற்கிறது. எருதுகள் வாரி என்னும் சரிவுப் பாதையில் கீழே இறங்க, வடக் கயிற்றில் சால் மேலே ஏறி வரும். சாலின் அடியில் பொருத்தி, வேறொரு கயிற்றால் மடித்துப் பிடித்திருந்த தும்பி என்னும் தோல் குழாய் மேலே வந்ததும் நிமிர்ந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். தும்பி மக்கிப் போய்ச் சால் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது இந்த விவரத்தை எழுதாவிட்டால், அடுத்து வருபவருக்கு அது வெறும் வாளிதான். கேட்டபோது, ஒப்பந்தம் வீட்டுக்கு உள்ளே இருப்பவற்றுக்கு மட்டும் என்றார்கள். சொல்லில் அது சரி. ஆனால் மானாவாரிக் காட்டையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த கொங்கு நாட்டுக் குடியானவர் வீடு நிலைவாசலோடு முடிந்துவிடுவதில்லை.

கட்டணம் வீட்டின் பரப்புக்கு ஒன்றாகவும் சாமான்களுக்கு எண்ணிக்கைப்படி ஒன்றாகவும் வாங்குகிறார்கள். பங்காளிகள் பகிர்ந்துகொண்டதால் யாருக்கும் பாரமாகவில்லை. அத்தையின் பேச்சை முதலில் சுருக்கிய காணொளியாக மட்டும் தந்தார்கள், கேட்ட பிறகே முழு ஒலிப்பதிவும் வந்தது. ஆகவே வெட்டாத ஒலிப்பதிவு, சுருக்காத மூலப் படங்கள், திருத்தக்கூடிய வரைபடக் கோப்பு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சித்தப்பா வீடும் அடுத்து பிரிக்கப்பட இருக்கிறது. அதற்கும் இவர்களையே அழைத்திருக்கிறோம், கிணற்றடியையும் களத்தையும் மாட்டுக் கட்டுத்தறியையும் ஒப்பந்தத்தில் சேர்த்து.