மாமாவின் லாரியா, டிப்ளோமாவா?

சிங்கப்பூரில் என் அக்கா மகன் கட்டாயத் தேசிய சேவை முடித்து வந்துவிட்டான். கையில் ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஹையர் நைட்டெக் சான்றிதழ் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சேரலாமா, ஐடிஇயின் வேலை-படிப்பு டிப்ளோமாவில் சேரலாமா என்று கேட்டான். போகிற போக்கில், “இல்லாட்டி உங்க லாரியிலேயே ஏறிக்கவா மாமா?” என்றும் கேட்டு வைத்தான்.

லாரி வழி, அதாவது ஏர்கான் வேலைக்குக் கூடவே போய்க் கற்பது, எனக்குத் தெரிந்த வழி. 1990-ல் சித்தப்பாவோடு ஏர்கான் வேலைக்குப் போனேன். முதல் ஆறு மாதம் ஏணி பிடித்தேன், சாமான் தூக்கினேன், கோப்பி வாங்கி வந்தேன். அப்புறம்தான் செம்புக் குழாயின் வாயை விரிக்க விட்டார். விரித்ததும் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார். “வெட்டிப் போடு, திரும்பப் பண்ணு” என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். விளிம்பில் பிசிறு இருந்தால் நட்டு சரியாக உட்காராது, கேஸ் கசியும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கை பழகிவிட்டது, காரணம் பழகவில்லை.

அந்த வழியில் குருவின் தப்பும் சேர்ந்தே வரும். ஆர்22 என்ற பழைய குளிரூட்டும் கேஸின் காலத்தில் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுவோம். இப்போது வீட்டு ஏர்கானில் பெரும்பாலும் ஆர்32. அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. வேக்கம் பம்ப் போட்டுக் காற்றை இழுக்காமல் கேஸைத் திறக்கக்கூடாது. என் கையோ இன்னும் பழைய பழக்கத்துக்கே போகப் பார்க்கிறது.

பாலிடெக்னிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம், ஹையர் நைட்டெக்கில் நல்ல மதிப்பெண் இருந்தால் சில படிப்புகளில் நேராக இரண்டாம் ஆண்டு. வரைபடம், கணக்கு பிடித்தவனுக்கு அது சரி. இவன் உட்கார்ந்து படிக்கிற ஆள் இல்லை.

வேலை-படிப்பு டிப்ளோமா 2018-ல் வந்தது. இரண்டரை முதல் மூன்று வருடம். பயிற்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு வேலையிடத்தில், மீதி ஐடிஇ வளாகத்தில். முதல் மாதத்திலிருந்தே சம்பளம், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியும் உண்டு. எனக்கு அப்போது கிடைத்தது சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும்தான். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இன்னொன்றும் அறிவித்தார்கள்: 30 வயதுக்குட்பட்ட ஐடிஇ பட்டதாரி டிப்ளோமாவில் சேர்ந்தால் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடித்தால் சேம நிதியில் 10,000 வெள்ளி. லாரியில் ஏறினால் இதெல்லாம் கிடையாது.

காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் அந்த 70 விழுக்காடு முதலாளியின் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதே மாதிரி ஓர் ஏற்பாட்டில் சேர்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் ஃபில்டர் கழுவுவதும் கெமிக்கல் வாஷுமாகவே கிடந்தான். பயிற்சிக் குறிப்பேட்டில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. ஆறு மாதம் ஏணி பிடித்த நானே தேவலாம். எனக்குப் பக்கத்திலாவது சித்தப்பா நின்றார்.

இந்தியாவிலிருந்து கட்டுமான வேலைக்கு வரும் நம் ஆட்களின் கதை வேறு. விமானம் ஏறுமுன்பே அங்கே தேர்வு எழுதித் தேறி வருகிறார்கள். அவர்களின் திறன் நிலை உயர்ந்தால் முதலாளி ஓர் ஆளுக்கு அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 900 வெள்ளியிலிருந்து 500 ஆகும். அதனால் முதலாளியே வகுப்புக்கு அனுப்புகிறார். உள்ளூர்ப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதில் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் லாபம் இல்லையே!

டிப்ளோமாவையே எடு என்றுதான் அவனிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஒரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறதாம். “சம்பளத்தைக் கடைசியில் கேளு. யார் சொல்லித் தரப்போறாரு, அவருக்குக் கீழே எத்தனை பேருன்னு முதல்ல கேளு” என்றேன். பேர் சொல்ல முழித்தார்களென்றால் வேறு நிறுவனம் பார்க்க வேண்டியதுதான். அதுவரை சனிக்கிழமைகளில் என் லாரியில் வரட்டும், குழாய் விரிக்கவாவது பழகட்டும்.