ஐஎஸ்ஓவா, ஐஈசியா, நெர்க்கா? சோலார் பண்ணைக்கு எந்த விதிப்புத்தகம்

மின் துறையின் சைபர் பாதுகாப்புக்கு எந்தத் தரத்தைப் பின்பற்றுவது என்று கேட்டால், பாதிக் கேள்விக்கு நம் கையில் தேர்வே இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உற்பத்தி, கடத்தல், விநியோகம், உபகரணம் விற்பவர் என எல்லோரையும் சேர்த்துக்கொள்கின்றன. தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு தலைமை அதிகாரி வேண்டும். ஐடி பக்கத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தணிக்கை, இயந்திரங்களை ஓட்டும் ஓ.டி. பக்கத்துக்கு ஆண்டுக்கு ஒன்று. இது போக, இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

ஆக, காரைக்குடியின் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் என்றாலும் சரி, தேவகோட்டைப் பக்கம் பொட்டலில் நிற்கும் தனியார் சோலார் பண்ணை என்றாலும் சரி, 'எது கட்டாயம்' என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அந்தக் கட்டாயத்தை எந்தக் கருவியால் நிறைவேற்றுவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. அங்கேதான் தகவல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 27001, தொழிற்சாலைக் கருவிகளுக்கான தரம் ஐஈசி 62443, அமெரிக்க மின்கட்டமைப்புக்கான விதி நெர்க் சிப், அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் தந்த கட்டமைப்பு என்று நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

ஐஎஸ்ஓ 27001-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம், வழிகாட்டுதலே கேட்கும் சான்றிதழ் அதுதான். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். ஆற்றல் துறைக்கென்று 27019 கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. நல்ல நிர்வாக ஒழுங்கு இது. ஆனால் எல்லையை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பதில்தான் ஓட்டை. 'சென்னை தலைமை அலுவலகம்' என்று எழுதிச் சான்றிதழ் வாங்கி மாட்டிவிடலாம். பண்ணையின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும், அளவீடுகளைத் தொலைவுக்கு அனுப்பும் ஆர்டியு கருவி தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். "ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா போதாதா தம்பி?" என்று என்னிடம் கேட்ட உரிமையாளர் ஒருவரல்லர். தணிக்கைக்கு வேண்டுமானால் போதும் அண்ணே, தாக்குதலுக்குப் போதாது என்பதுதான் என் பதில்.

ஐஈசி 62443 வேறு ரகம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. வலைப்பின்னலை மண்டலங்களாகப் பிரி, மண்டலங்களுக்கு நடுவே போகும் வழிகளை எண்ணு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் 1 முதல் 4 வரை ஒரு பாதுகாப்பு நிலையை இலக்காக வை என்கிறது. 1 என்றால் கைதவறி நடக்கும் தப்பைத் தாங்கினால் போதும். 4 என்றால் பெரும் பணமும் ஆளும் வைத்துக்கொண்டு வருபவனையும் தாங்க வேண்டும். கானாடுகாத்தான் வீடு ஒன்றில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். வீட்டுக்கு அது அழகு. நம் பண்ணைகளின் வலைப்பின்னலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் வம்பு.

ஒரு நடுத்தரப் பண்ணையை இந்த முறையில் வரைந்து பாருங்கள். இன்வெர்ட்டர்களும் அவற்றின் அளவுகளைப் பதியும் டேட்டா லாகரும் ஒரு மண்டலம். உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கும் பிளான்ட் கண்ட்ரோலர் தனி. மாநிலத்தின் மின் தேவையையும் உற்பத்தியையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் மையத்துக்குத் தகவல் அனுப்பும் ஆர்டியு தனி. பழுது வந்தால் மின்சுற்றைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேக்கள் தனி. அப்புறம் இவற்றுக்கு நடுவே கோடு போடத் தொடங்கும்போதுதான் யாரும் சொல்லாத விஷயங்கள் வெளியே வரும்: சிசிடிவி கேமராவும் அதே சுவிட்சில் தொங்கும், இன்வெர்ட்டர் விற்ற நிறுவனம் வைத்துவிட்டுப் போன 4ஜி ரௌட்டர் எந்தக் கணக்கிலும் இருக்காது. அந்த ரௌட்டர் வழியாகத் தகவல் வெளிநாட்டு கிளவுடுக்குப் போகும். அதே வழியில் கட்டளை உள்ளேயும் வரலாம்.

மத்திய மின்சார ஆணையமோ ஓ.டி.யும் இணையமும் தொடவே கூடாது என்கிறது. விற்றவர் 'ஆன்லைன் இல்லாவிட்டால் வாரன்டி பார்ப்பது கஷ்டம்' என்கிறார். இந்த இழுபறிக்கு ஐஎஸ்ஓவில் பொறியியல் விடை கிடையாது. 62443 முறையில் யோசித்தால் கிடைக்கிறது: தகவல் வெளியே மட்டும் போகும் ஒருவழிக் கருவி ஒன்று, பராமரிப்புக்குத் தேவைப்படும்போது மட்டும் ஆள் நின்று திறந்து மூடும் வழி ஒன்று. பிரிவினை வீண் செலவு இல்லை என்பதற்குக் கூடங்குளமே சாட்சி. 2019இல் அங்கே தீநிரல் (மால்வேர்) புகுந்தது நிர்வாக வேலைக்கான கணினியில். உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது.

62443-இல் குறை இல்லாமல் இல்லை. பாகம் பாகமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், மொழி வறட்டு மொழி, பின்பற்றாவிட்டால் அபராதம் போட ஆள் கிடையாது.

அபராதத்துக்குப் பெயர் போனது நெர்க் சிப். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கியதும், 2005இல் வந்த சட்டம் மின்கட்டமைப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. மீறினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலருக்கு மேலும் விதிக்கலாம். நம்மைக் கட்டுப்படுத்தாது, இருந்தாலும் அதன் கெடுக்கள் எனக்குப் பிடிக்கும். வெளியான பாதுகாப்புத் திருத்தங்களை 35 நாளுக்கு ஒருமுறை பரிசீலி. வேலையை விட்ட ஆளின் அனுமதியை 24 மணி நேரத்தில் எடு. நம் பக்கம் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்ச் சேர்ந்த பொறியாளர் வெளியிலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த விபிஎன் கணக்கு இன்னமும் உயிரோடு இருக்கும். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாயை நிறுத்த வைத்தவர்கள் உள்ளே வந்தது யாரும் பயன்படுத்தாமல் விட்ட அப்படியொரு கணக்கு வழியாகத்தான்.

ஆனால் நெர்க் சிப் பெரும்பாலும் 100 கிலோவோல்ட்டுக்கு மேலேதான் பார்க்கிறது. ஊருக்குள் வரும் 11 கிலோவோல்ட் பீடர் அதன் கண்ணில் படாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது விநியோக நிறுவனங்களைத் தாக்கித்தான். இதை மனதில் வைத்தால், அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நிஸ்ட் கட்டமைப்பு இலவசம். 2024இல் வந்த 2.0 பதிப்பில் ஆறு தலைப்புகள். உரிமையாளருக்கு ஒரே பக்கத்தில் நிலைமையை விளக்க இதைவிட நல்லது இல்லை. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பாவின் சைபர் பாதுகாப்பு விதியான நிஸ்2, அங்கே தொழில் செய்பவர்களுக்கு மட்டும்.

என் முடிவு இது. புதுவயல் அரிசி ஆலையின் கூரையில் சோலார் வைத்திருப்பவர் இந்த நாலையும் மறந்துவிடலாம்; இன்வெர்ட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, பில் போடும் கணினியின் வைஃபையிலிருந்து அதைப் பிரித்தால் போதும். பண்ணை வைத்திருப்பவர் முதலில் 62443 முறையில் வரைபடம் போட்டுவிட்டு, அந்த வரைபடம் முழுவதையும் எல்லையாக எழுதி ஐஎஸ்ஓவுக்குப் போகட்டும். வரிசையை மாற்றினால் இரண்டு முறை செலவு. கட்டுப்பாட்டுப் பேனல் செய்து கொடுப்பவர்கள் 62443-இன் 2-4 (சேவை தருபவர்களுக்கானது), 4-2 (கருவிகளுக்கானது) பாகங்களை இப்போதே புரட்டிவைப்பது நல்லது. டெண்டரில் கேட்கும்போது படிக்க நேரம் இருக்காது.