தாழியில் முதிர்ந்த ஒயின்: ஜார்ஜியாவிலிருந்து வந்த இரண்டு புட்டிகள்

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகன் சென்ற மே மாதம் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தபோது, அந்நாட்டின் கிழக்கிலுள்ள காக்கேதிப் பகுதியைச் சேர்ந்த இரண்டு ஒயின் புட்டிகளைக் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவர் சுங்கவரியின்றி இரண்டு லிட்டர் மது மட்டுமே கொண்டுவர முடியும் என்பதால், அதற்குமேல் கேட்க வழியில்லை. ஒன்று ரிகாட்சிதெலி என்னும் வெள்ளைத் திராட்சையில் செய்தது. மற்றொன்று சபெராவி என்னும் கருந்திராட்சையில் செய்தது. இரண்டுமே குவேவ்ரியில் முதிர்ந்தவை.

குவேவ்ரி என்பது முட்டை வடிவில் வனைந்து சுட்டு, உட்புறம் தேன்மெழுகு பூசி, வாய்வரை மண்ணில் புதைத்துவைக்கும் பெரிய தாழி. முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. பொதுவாக வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்தெடுத்து நொதிக்கவைப்பார்கள். காக்கேதி முறையிலோ தோல், விதை, காம்பு எல்லாம் சாற்றோடு தாழிக்குள் இறங்கி, ஐந்தாறு மாதங்கள் அங்கேயே கிடக்கின்றன. தாழியின் அடி குறுகியிருப்பதால் விதைகள் அங்கே படிந்து ஒதுங்கிவிடுகின்றன. சுற்றியுள்ள மண் வெப்பத்தைச் சீராக வைக்கிறது. இம்முறையை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமையான ஒயினின் எச்சம் இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ரோமானிய ஒயின் சாடிகளின் ஓடுகள் கிடைத்த அரிக்கமேட்டுக்கு அருகில் வாழும் நமக்கு, இந்தக் கணக்கில் அவைகூட நேற்றைய சரக்குதான்.

முதலில் ரிகாட்சிதெலி. நிறம் பால் ஊற்றாத தேநீருடையது. மணத்தில் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் வால்நட்டும் தெரிந்தன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றியது என் தவறு. குளிரில் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடித்தது. முக்கால் மணி நேரம் வெளியில் வைத்தபின் அதே ஒயின் வேறொன்றாக விரிந்தது. வெள்ளை ஒயின் என்று நினைத்து அருந்துபவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் விரும்பி உண்ணும் நாக்குக்குத் துவர்ப்பு குறையன்று, அறுசுவைகளில் ஒன்று. வஞ்சிர வறுவலின் எண்ணெய்ப் பசையை ஒவ்வொரு மிடறும் துடைத்தெடுத்தது. ஜார்ஜியர்கள் கத்தரிக்காயை வால்நட் விழுதோடு உண்பார்கள் என்று மருமகன் சொன்னதால், புளி குறைத்த எண்ணெய்க் கத்தரிக்காயையும் உடன் வைத்தோம். அன்றைய மாலையில் மிகச் சிறந்த இணை அதுவே.

சபெராவி என்ற பெயருக்குச் சாயம் என்று பொருள். பெரும்பாலான கருந்திராட்சைகளைப் போலன்றி இதன் சதையும் சிவப்பானது என்பதால், கண்ணாடிக் குவளையின் விளிம்புவரை நிறம் கறுத்தே நின்றது. ஆனால் எங்கள் புட்டி கெட்டிருந்தது: முதல் முகர்விலேயே காடி நெடி. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், வடிகட்டாமல், சல்ஃபைட் என்னும் பாதுகாப்புப் பொருளை மிகக் குறைத்துச் செய்யும் ஒயின்களை விரும்புவோருக்குக் குவேவ்ரி ஏறக்குறைய ஒரு தாய்வீடு. இத்தாலியின் யோஷ்கோ கிராவ்னர் போன்ற ஒயின் வல்லுநரே 2000இல் ஜார்ஜியாவுக்குச் சென்று பார்த்தபின் தம் தோட்டத்தில் குவேவ்ரிகளைப் புதைத்தார். அந்த ஈர்ப்பை நானும் உணர்கிறேன். எனினும், காடியாகிப்போன ஒயினை 'அதன் இயல்பு' என்று பாராட்டும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்புப் பொருள் குறைந்த புட்டி, பெட்டிக்குள் நம் ஊர் மே மாத வெயிலைத் தாங்காததில் வியப்பில்லை. மீதியை அக்கா வெங்காயம் ஊறவைக்கப் பயன்படுத்திக்கொண்டார். அந்த வெங்காயம் நன்றாகவே இருந்தது.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜார்ஜியாவில் செய்தது என்பதாலேயே அது தாழி ஒயின் ஆகிவிடாது. அந்நாட்டு ஒயினில் பெரும்பகுதி எஃகுத் தொட்டிகளில் ஆலை முறையில் உருவாவதே. பெயர் பெற்ற கின்ஸ்மராவுலி இனிப்புச் சாயல் கொண்ட சிவப்பு ஒயின். துவர்ப்பைத் தேடி வருபவர்களுக்கு உரியதன்று. புட்டியில் ஒட்டிய சீட்டில் குவேவ்ரி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, தோலோடு எத்தனை மாதம் கிடந்தது என்றும் கேட்டு வாங்குவது நல்லது.

மருமகன் அடுத்து டிசம்பரில் வருகிறான். இரண்டு புட்டிகளும் ரிகாட்சிதெலியாகவே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.