மாணவர் கையில் மரபணு: மூன்று காவல்களில் எது தேவலை?

2006-ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், தண்ணீரில் ஆர்செனிக் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா ஒன்றை வடிவமைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஈ. கோலை என்ற பாக்டீரியாவிடம் ஆர்செனிக்கை உணரும் புரதம் ஒன்று இயல்பாகவே உண்டு. நஞ்சு இல்லாதவரை அது ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கும். நஞ்சு வந்ததும் எழுந்து வழிவிடும். அந்த வாசலுக்குப் பின்னால் லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் மரபணுவை மாணவர்கள் பொருத்தினார்கள். ஆர்செனிக் இருந்தால் கரைசல் புளிக்கும், சாயம் நிறம் மாறும். தயிர் புளிப்பதை முகர்ந்தே சொல்லிவிடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த உத்தியை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

இந்த ஒரே திட்டத்தை மூன்று வாசல்களில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம். முதல் வாசல், அது பிறந்த ஐஜெம் போட்டியின் சொந்த விதிகள்; மரபணுக்களைப் பொருத்தி உயிரிகளை வடிவமைக்கும் மாணவர் அணிகளின் பன்னாட்டுப் போட்டி அது. இரண்டாவது, நாட்டுச் சட்டமும் அதன்கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்கும் உயிரிப் பாதுகாப்புக் குழுவும். மூன்றாவது, கல்லூரிகளோடு ஒட்டாத சமூக ஆய்வகங்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட நடத்தை நெறி. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாணவர் அணிகளைப் பொறுத்தவரை முதலாவதுதான் தேவலை. ஆனால் அது இரண்டாவதின் தோளில் ஏறி நிற்கிறது. மூன்றாவதிடம் கற்க வேண்டிய ஒன்றை இன்னும் கற்கவில்லை.

அதற்குமுன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றையும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். இங்கே காக்க வேண்டியவை இரண்டு. ஒன்று கைப்பிழை: தட்டு கவிழ்வது, கையுறை கிழிவது, கழிவைக் கொல்லாமல் கொட்டுவது. மற்றது மனப்பிழை: தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு ஒரு மரபணுவைக் கேட்டு வாங்குவது. மூன்று முறைகளையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டையும் அவை எப்படிக் கையாள்கின்றன என்பதே.

ஐஜெம் 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மாதப் பாடமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஐந்து அணிகளின் போட்டியானது. இன்று ஆண்டுக்குச் சுமார் 400 அணிகள் வருகின்றன. 2022 முதல் பாரிஸில் கூடுகின்றன. சென்னை ஐஐடி மாணவர்களும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறார்கள். இத்தனை நாட்டு மாணவர்களுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதற்காகப் போட்டி நிர்வாகம் கண்டுபிடித்த கருவிதான் ‘வெள்ளைப் பட்டியல்’. ஆய்வகத்தில் பழகிய ஈ. கோலை கே-12, பேசில்லஸ் சப்டிலிஸ், ரொட்டி ஈஸ்ட் போன்றவை பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு மட்டும் வேலை செய்தால் தனி அனுமதி வேண்டாம். பட்டியலுக்கு வெளியே உள்ள உயிரியையோ மரபணுத் துண்டையோ தொட வேண்டுமென்றால், தொடுவதற்கு முன்பே படிவம் அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடும் நோய் தரும் மூன்றாம், நான்காம் ஆபத்துப் பிரிவுக் கிருமிகளுக்கு இடமே இல்லை. தயாரித்ததை மனிதர் மீது சோதிக்கக் கூடாது. ஒரு சொட்டு ருசி பார்ப்பதும் அதில் அடக்கம். (அதே 2006-இல் எம்.ஐ.டி. அணி வாழைப்பழ வாசனை வீசும் ஈ. கோலையைச் செய்தது. வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.) எல்லாவற்றுக்கும் மேலாக, மரபணு மாற்றிய எதுவும் ஆய்வகக் கதவைத் தாண்டக் கூடாது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் நேரம். கேள்வி வேலைக்கு முன்னால் வருகிறது. அதுவும், “விதியை மீறினாயா?” என்ற அதட்டலாக வராமல், “என்ன செய்யப் போகிறாய், எங்கே, யார் மேற்பார்வையில்?” என்ற விசாரிப்பாக வருகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. விதிகளும் உறைந்து கிடக்கவில்லை. 2016-இல் ஓர் அணி ஜீன் டிரைவைக் கையில் எடுத்தது. ஒரு மரபணுவை ஓர் உயிரினக் கூட்டம் முழுவதும் பரவச் செய்யும் உத்தி அது. தப்பித்து வெளியே போனால் திரும்ப அழைக்க முடியாத சங்கதி. அதையடுத்து, சிறப்பு அனுமதியின்றி ஜீன் டிரைவ் கூடாது என்று தனி விதியே எழுதப்பட்டது.

நம் ஆர்செனிக் பாக்டீரியா இந்த வாசலில் எளிதாக நுழைந்துவிடும். கிணற்றடிக்குக் கிளம்பும்போதுதான் சிக்கல்.

இரண்டாம் வாசலுக்கு வருவோம். 1975-இல் கலிபோர்னியாவின் அசிலோமரில் விஞ்ஞானிகள் கூடி, மரபணு ஆராய்ச்சியில் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டதன் தொடர்ச்சியாக, 1976-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகள் வந்தன. அந்த நிறுவனத்திடம் நிதி பெறும் இடங்களுக்கே அவை கட்டாயம். ஈ. கோலை கே-12 வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே விலக்கு உண்டு. ஐரோப்பாவில் இரண்டு தனிச் சட்டங்கள்: அடைத்துக் கையாள்வதற்கு ஒன்று, சூழலில் வெளியிடுவதற்கு ஒன்று. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் வந்த விதிகள். கல்லூரி அளவில் உயிரிப் பாதுகாப்புக் குழு; அதில் உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவரும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். ஆபத்து கூடினால் கோப்பு தில்லிக்குப் போகும். சூழலில் வெளியிடுவதென்றால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் கதவைத் தட்ட வேண்டும்.

சட்டத்தின் பலம் அதன் பல். போட்டியில் விதி மீறினால் பதக்கம் போகும், வெளியேற்றுவார்கள்; சட்டத்தை மீறினால் ஆய்வகமே மூடப்படலாம். ஆனால் இந்த ஏற்பாடு, ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆராய்ச்சிக்காகத் தைத்த சட்டை. கோடை விடுமுறையில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் மாணவர் திட்டத்துக்கு அது தொளதொளவென்று தொங்கும். குழு கூடும் தேதிக்குள் அணியின் திட்டம் மூன்று முறை மாறியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அணிக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். கோப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது: குழுவின் கையெழுத்து, முத்திரை, கூட்டக் குறிப்பு எல்லாம். தட்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். குளிர்ப்பெட்டியைத் திறந்தார்கள். மேல்தட்டில் வரிசையாக பெட்ரி தட்டுகள், அவற்றை ஒட்டி ஒரு தயிர் டப்பா. “அது என்னுடைய மதியச் சாப்பாடு சார்” என்றாள் ஒரு மாணவி, கூச்சத்தோடு. நீராவிச் சூட்டில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா என்றேன். கறுப்புக் கோடு விழுந்த ஒட்டுப்பட்டையைப் பெருமையாகக் காட்டினார்கள். பொதிக்கு வெளியே சூடு பட்டது என்பதற்குத்தான் அந்தக் கோடு சாட்சி. உள்ளே 121 டிகிரி சூடு போதிய நிமிடங்கள் நின்று கிருமி செத்ததா என்று அறிய, வெப்பம் தாங்கும் வித்துகளை வைத்துச் சோதிக்க வேண்டும். அதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் ஒருவரும் அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்ததுமில்லை. ஐஜெம் படிவமும் இதைப் பிடித்திருக்காது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

சமூக ஆய்வகங்கள் ஜெயிப்பது இங்கேதான். நியூயார்க்கின் புரூக்ளினில் 2010-இல் திறந்த ஜென்ஸ்பேஸ் போன்ற இடங்களில் மேசை பொது, குளிர்ப்பெட்டியும் பொது. பக்கத்து மேசைக்காரர் எதையாவது கண்டால் அங்கேயே கேட்டுவிடுவார். 2011-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய குழுக்கள் கூடி நடத்தை நெறிகளை எழுதிக்கொண்டன: வெளிப்படையாக இரு, பாதுகாப்பைக் கைக்கொள், அமைதியான நோக்கத்துக்கே பயன்படுத்து. வாசகங்கள் நல்லவை. ஆனால் கதவுக்கு வெளியே இருப்பவனை அவை கட்டுப்படுத்தா. 2017-இல் அமெரிக்காவிலிருந்து அஞ்சலில் வந்த, மரபணு மாற்றும் வீட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றில், இருக்கக் கூடாத நோய்க்கிருமிகள் கலந்திருந்ததை ஜெர்மனியின் பவேரிய அதிகாரிகள் கண்டார்கள். அந்நாட்டில் உரிமம் பெறாத இடத்தில் மரபணு மாற்றம் செய்தால் 50,000 யூரோ வரை அபராதம், சிறையும் உண்டு. ஆகவே எடின்பரோ திட்டத்தை ஜெர்மனியில் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்தால் அது குற்றம். அமெரிக்காவில் அரசு நிதி தொடாத கூடத்தில் செய்தால் தேசிய சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகள் அவரைக் கட்டாயப்படுத்தா.

மனப்பிழை விஷயத்தில் மூன்றுமே தனித்து நிற்க முடியாதவை. அங்கே உண்மையான காவல் டி.என்.ஏ. விற்கும் கடையில் இருக்கிறது. 2006-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், பெரியம்மை வைரஸின் மரபணுவிலிருந்து 78 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு ஒன்றை, தீங்கு வராதபடி சிறிது மாற்றி, ஒரு வீட்டு முகவரிக்கே வரவழைத்துக் காட்டியது. 2010-இல் அமெரிக்க அரசு விற்பனையாளர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது: வாங்குபவர் கேட்கும் துண்டை 200 எழுத்து அளவில் ஆபத்தான கிருமிகளின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக மாணவர்களும் பிரான்ஸின் ஆன்சிமாக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்த ஐஜெம் அணி அந்த வழிகாட்டியை அப்படியே மென்பொருளாக எழுதி ஓட்டிப் பார்த்து, அது எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று அடுத்த ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டது. காவலுக்கு உட்பட்டவர்களே காவலைச் சோதித்தார்கள். கல்லூரிக் குழுவிடமிருந்து இப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. 2023-இல் திருத்திய வழிகாட்டி 50 எழுத்தை நோக்கி நகரச் சொன்னது. போட்டி அரங்குக்கு அமெரிக்க எஃப்.பி.ஐ. ஆட்கள் 2009 முதல் பல ஆண்டுகள் வந்ததையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதலில் கேட்டபோது எனக்கு உறுத்தியது. சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்று மாணவருக்கு ஒரு முகம் தெரிந்திருப்பது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் எல்லா நாட்டு மாணவருக்கும் அந்த முகம் நட்பாகத் தோன்றாது.

ஆர்செனிக் பாக்டீரியா என்ன ஆயிற்று? போட்டி முடிந்தபின் எடின்பரோ, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்த எண்ணத்தை நேபாளக் கிணறுகள் வரை கொண்டுபோக முயன்றார்கள். மூடி முத்திரையிட்ட குழாய்க்குள் இருக்கும் பாக்டீரியா ஊருக்குள் போனால், ஐரோப்பியச் சட்டப்படி அது அடைத்துக் கையாள்வதா, வெளியிடுவதா என்ற கேள்வியில் வந்து முட்டியது. ஐஜெம் விதி அந்தக் கேள்விக்குள் நுழையாமலே ‘கூடாது’ என்று முடித்துவிடுகிறது. மாணவருக்கு அது சரி என்றே நான் சொல்வேன். ஆனால் கிணற்றடியில் புழங்கும் வேதியியல் சோதனைப் பெட்டியையும் பாருங்கள்: தண்ணீரிலுள்ள ஆர்செனிக்கை ஆர்சின் என்ற நச்சு வாயுவாக்கி, பாதரச உப்பு தோய்த்த தாளில் படியவிட்டு, மஞ்சளா பழுப்பா என்று பார்க்கிறார்கள். தாளை எறியும்போது பாதரசமும் சேர்ந்தே போகிறது. அதற்கு எந்த உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கையெழுத்தும் தேவையில்லை.