தினம் ஒரு கேப்சூலா, வாரம் ஒரு நாள் மாத்திரையா?

உள்ளங்கையிலும் பாதத்திலும் சோரியாசிஸ் வந்தவர்களுக்குத் தெரியும், களிம்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று. ராத்திரி பூராவும் சொறிந்துவிட்டு, காலையில் போர்வையில் கிடக்கும் செதிலை உதறுகிறவரிடம் டாக்டர் கடைசியில் மாத்திரைப் பேச்சை எடுப்பார். பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் அசிட்ரெட்டின், மெத்தோட்ரெக்ஸேட். நான் முன்னதைச் சாப்பிடுகிறேன், என் அத்தான் பின்னதை.

அசிட்ரெட்டின் வைட்டமின் ஏ வழி வந்த மருந்து. தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகுவதை நிதானப்படுத்தும். நோய் எதிர்ப்புச் சக்தியில் கை வைக்காது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் சரியாகச் சேரும். முதல் மாதமே உதடு வெடித்தது, ரசம் பட்டால் சுரீர் என்றது. சட்டைப்பையில் எப்போதும் வாசலின். உள்ளங்கைத் தோல் மெல்லிசாக உரிந்ததில், ரேஷன் கடை மெஷின் என் ரேகையை மூன்று தடவை ஏற்கவே இல்லை. தோல் வறள்வதால் ஆரம்பத்தில் அரிப்பு கூடினாலும் கூடும். முடி கொட்டலாம். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

மெத்தோட்ரெக்ஸேட் விலை குறைவு. மூட்டு வலியோடு வரும் சோரியாசிஸுக்கு இதுதான் கைகொடுக்கும். அத்தானுக்கு விரல் மூட்டு வீங்கியிருந்தது. வாரம் ஒரே நாள்தான் போட வேண்டும். தினம் போடும் மாத்திரை என்று நினைத்து விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அதனால் அக்கா காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, மாத்திரை அட்டையைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறொரு நாளில். திங்கட்கிழமை காலையில் அத்தானுக்குக் குமட்டும், காபியைக்கூடத் தொட மாட்டார். எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால், உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு, என்னைக் கேட்டால், அசிட்ரெட்டின் பேச்சே வேண்டாம். கர்ப்பத்தில் இரண்டுமே கூடாது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியபின் சில மாதம் பொறுத்தால் போதும், அசிட்ரெட்டினுக்கோ 3 வருடம். நடுவில் மது உள்ளே போனால் அசிட்ரெட்டின், எட்ரெட்டினேட் என்ற இன்னொரு பொருளாக மாறி, கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் வெளியேறாது. மருந்து ஏறிய ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடக் கூடாதே, அதனால் ஆண்களும் அந்த 3 வருடம் ரத்தம் கொடுக்க முடியாது. ரத்ததானத்துக்குக் கூப்பிடும் நண்பர்களிடம் காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் போயிடாதா?" என்று அத்தான் ஒருநாள் கேட்டார். போகும், ஈரல்.